கதிர் பொறுக்கிய வயலில் கடவுள்



கடவுளை எங்கே காணலாம் என்ற கேள்வி தோட்டப்புறத்து மக்களாகிய நமக்குப் புதியதன்று. இருள் பிரியுமுன் பெரட்டுக்கு ஓடிய நம் முன்னோரில் பலர், மாரியம்மன் கோயிலின் முன் ஒரு கணம் நின்று கைகூப்பிவிட்டு ஓடினார்கள். சிலர் சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தின் முன் சிலுவை வரைந்துகொண்டு ஓடினார்கள். அதன்பின் நாள் முழுவதும் நிரையில் வேலை. பால் வாளி, கொசுக்கடி, மழை வந்துவிடுமோ என்ற கவலை. அந்த நேரமெல்லாம் கடவுள் எங்கே இருந்தார்? வேலை முடிந்து, குளித்து, வெள்ளைத் துணி உடுத்தி நாம் வரும்வரை கோயிலிலேயே காத்திருந்தாரா? அல்லது நம்மோடு நிரைக்கும் வந்தாரா?

இந்தக் கேள்விக்குக் கிறிஸ்தவ வேதநூல் தரும் விடையையும், அந்த நூல் தமிழுக்கு வந்துசேர்ந்த வரலாற்றையும் இன்று பார்ப்போம். யாரையும் ஒரு சமயத்திற்கு அழைப்பது இவ்வுரையின் நோக்கமன்று. நம் அண்டை வீட்டாரின் நூலில் என்ன இருக்கிறது, அது எப்படி நம் மொழிக்கு வந்தது என்று அறிந்துகொள்வது எல்லார்க்கும் நன்மையே.

முதலில் ஒரு செய்தியைக் கவனிப்போம். கடவுள் மனிதரைச் சந்தித்ததாக வேதநூல் கூறும் இடங்கள் எவை? மோசே தன் மாமனாரின் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தபோது, எரிந்தும் கருகாத ஒரு செடியின் நடுவிலிருந்து அழைப்புக் கேட்டது. கிதியோன், பகைவர் கண்ணில் படாமல் கோதுமையை மறைவாகப் போரடித்துக்கொண்டிருந்தார். ஆமோஸ் கால்நடை மேய்ப்பவர். காட்டத்தி மரங்களைப் பராமரித்தவர். பேதுருவும் அந்திரேயாவும் கடலில் வலை வீசிக்கொண்டிருந்தனர். சமாரியப் பெண் நண்பகலில் குடத்தோடு கிணற்றுக்கு வந்திருந்தாள். ஏசாயாவைப் போல ஆலயத்தில் தரிசனம் கண்டவர்களும் உண்டு. ஆயினும், வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே அழைக்கப்பட்டவர்கள் பலர். ஆட்டுக்கோலும் வலையும் குடமும் கையில் இருக்கும்போதுதான் அச்சந்திப்பு நேர்ந்தது.

இத்தகைய செய்திகளைக் கொண்ட நூல் தமிழுக்கு எவ்வாறு வந்தது? இனி அந்த வரலாற்றிற்கு வருவோம்.

தமிழில் அச்சான கிறிஸ்தவ நூல்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று ‘தம்பிரான் வணக்கம்’. போர்த்துக்கீசிய இயேசு சபைத் துறவியான அன்றீக்கு அடிகளார் உருவாக்கிய இச்சிறு நூல் 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சேறியது. அது ஒரு மறைக்கல்வி நூலே, வேதநூல் அன்று. வேதநூலின் ஒரு பெரும் பகுதி தமிழில் அச்சேறுவதற்கு மேலும் 136 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

1706-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9-ஆம் நாள், சோழநாட்டுக் கடற்கரையில் உள்ள தரங்கம்பாடியில் இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் வந்திறங்கினார்கள். ஒருவர் பெயர் சீகன்பால்கு, மற்றவர் புளுட்சோ. அக்காலத்தில் தரங்கம்பாடி டேனியருக்கு உரிய வணிகத் துறை. டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் அவர்களை அனுப்பியிருந்தார். அப்பொழுது சீகன்பால்குக்கு வயது ஏறத்தாழ 24 மட்டுமே.

வந்தவருக்குத் தமிழ் ஓரெழுத்தும் தெரியாது. அவர் என்ன செய்தார்? ஒரு முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியரை நாடினார். சிறு பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் ‘அ’ எழுதிப் பழகினார். அழகப்பன் என்ற மொழிபெயர்ப்பாளர் அவருக்குத் துணையாக இருந்தார். கடவுளைப் பற்றிப் பேச வந்தவர் முதலில் மாணவராக உட்கார வேண்டியிருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

1707-ஆம் ஆண்டு அங்கே முதன்முதலில் திருமுழுக்குப் பெற்றவர்கள் யார் தெரியுமா? டேனியர் வீடுகளில் அடிமை வேலை செய்துகொண்டிருந்தவர்கள். அடுத்த ஆண்டு ஓர் ஏழை விதவையின் கடன் வழக்கில் சீகன்பால்கு அவளுக்காகப் பரிந்து பேசினார். தரங்கம்பாடியின் டேனிய ஆளுநருக்கும் அவருக்கும் இடையே பிணக்கு முற்றுவதற்கு அதுவும் ஒரு காரணம் ஆயிற்று. 1708-ஆம் ஆண்டின் இறுதியில் சீகன்பால்கு கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். சுமார் 4 மாதங்கள் அவர் அங்கே இருந்தார். கடவுளின் பெயரைச் சொல்வதை அதிகாரம் பொறுத்துக்கொள்ளும். அந்தப் பெயரைச் சொல்லி ஒரு விதவைக்கு நியாயம் கேட்டால்தான் அதற்குக் கோபம் வருகிறது.

சிறைக்குச் செல்வதற்குச் சற்று முன்புதான் அவர் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கியிருந்தார். வெளிவந்தபின் அப்பணியைத் தொடர்ந்து 1711-இல் முடித்தார். ஆனால் அச்சிட வேண்டுமே! ஜெர்மனியில் உள்ள ஹாலே நகரில் தமிழ் எழுத்துகளை வார்த்தனர். அவை 1713-இல் தரங்கம்பாடிக்கு வந்துசேர்ந்தன. எழுத்துகளோ மிகப் பெரியவை. அவற்றைக் கொண்டு அச்சிட்டால் காகிதம் போதாது. எனவே சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தனர். 1714-இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அச்சேறின. 1715-இல் புதிய ஏற்பாடு முழுமையும் வெளிவந்தது. இந்திய மொழிகளுள் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறிய முதல் மொழி நம் தமிழே.

அந்தத் தமிழ் குறையற்றது என்று சொல்வதற்கில்லை. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் அதன் நடையைக் கண்டு எள்ளி நகையாடினார். அறிஞர் செவிக்கு அது கரடுமுரடாக ஒலித்தது. ஆயினும், பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து கற்ற ஒருவரின் தமிழ் அது. தமிழ் நாவு தன் மொழியிலேயே வேதத்தைப் படிக்க அது வழிதிறந்தது.

இங்கே மற்றொரு செய்தியும் சொல்ல வேண்டும். கடவுளைத் தமிழில் என்ன சொல்லி அழைப்பது? 1578-இல் ‘தம்பிரான்’ என்றனர். சீகன்பால்கு ‘சருவேசுரன்’ என்று எழுதினார். 1740-இல் வந்து, பின்னர் சென்னையில் நெடுங்காலம் பணியாற்றிய பப்ரிசியுஸ் ‘பராபரன்’ என்ற சொல்லைக் கையாண்டார். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் தலைமையில் நடந்த மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர், பின்னாளில் சைவத்தின் பெருந்தூணாக விளங்கிய ஆறுமுக நாவலரே. 1871-இல் வெளிவந்து, தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்டுவரும் மொழிபெயர்ப்பில் ‘தேவன்’ என்று நிலைத்தது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் ‘கடவுள்’ என்று கூறுகிறது.

இச்சொற்களுள் ஒன்றேனும் கப்பலில் வந்ததா? இல்லை. எல்லாம் ஏற்கெனவே தமிழ் மண்ணில் வழங்கிவந்த சொற்கள். வேதநூல் தமிழருக்குப் புரிய வேண்டுமானால், தமிழர் வீட்டுப் பேச்சுக்குள் அது நுழைந்தாக வேண்டும். வேறு வழியில்லை.

நேயர்களே, புதிய ஏற்பாடு முடிந்தபின் சீகன்பால்கு பழைய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். ஆனால் அதனை முடிக்க அவர் உயிரோடு இல்லை. 1719-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 23-ஆம் நாள், தம் 36-ஆம் வயதில் தரங்கம்பாடியிலேயே காலமானார். அவருக்குப்பின் சுல்ட்சு என்பவர் எஞ்சிய பகுதியைத் தொடர்ந்து 1728-இல் நிறைவு செய்தார். சீகன்பால்கின் எழுதுகோல் எந்த இடம் வரை வந்திருந்தது? ரூத் என்ற சிறிய புத்தகம் வரை. நான்கே அதிகாரங்கள் கொண்ட கதை அது. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் போன ஒரு குடும்பத்தின் கதை. கூலிக்காரர் நடுவே குனிந்து கதிர் பொறுக்கிய ஒரு பெண்ணின் கதை. நம் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

பெத்லெகேமில் பஞ்சம் வந்தது. பெத்லெகேம் என்றால் ‘அப்பத்தின் வீடு’ என்று பொருள். அப்பத்தின் வீட்டிலேயே அப்பம் இல்லை! எலிமெலேக்கு என்பவர் மனைவி நகோமியையும் இரண்டு மகன்களையும் அழைத்துக்கொண்டு மோவாப் நாட்டுக்குப் போனார். பஞ்சத்தால் கடல் கடந்த குடும்பங்களின் வழித்தோன்றல்களுக்கு இதனை விளக்கவும் வேண்டுமா? தரங்கம்பாடிக்குத் தெற்கே சிறிது தொலைவில் இருக்கும் நாகப்பட்டினத்துத் துறையிலிருந்துதான் நம் பாட்டன் பாட்டிமார் பலர் பினாங்குக்குக் கப்பலேறினார்கள்.

போன இடத்தில் கணவர் இறந்தார். மகன்கள் அந்நாட்டுப் பெண்களை மணந்தார்கள். சுமார் 10 ஆண்டுகளுக்குப் பின் மகன்களும் இறந்தார்கள். மூன்று விதவைகள் எஞ்சினார்கள். ஊரில் மீண்டும் விளைச்சல் உண்டாயிற்று என்று கேள்விப்பட்டு நகோமி திரும்பப் புறப்பட்டாள். மருமகள் ரூத் அவளைப் பிரிய மறுத்து உடன் வந்தாள். ஊர்ப் பெண்கள் “இவள் நகோமியா?” என்று வியந்தபோது, இனித் தன்னைக் ‘கசப்பு’ என்ற பெயரால் அழைக்கும்படி நகோமி கூறினாள். நிறைவாகப் போனவளைக் கடவுள் வெறுமையாகத் திருப்பி அனுப்பிவிட்டார் என்று முறையிட்டாள்.

அவளுடைய முறையீட்டை வேதநூல் கண்டிக்கவில்லை. அதனை மறைக்கவும் இல்லை. அப்படியே பதிந்து வைத்திருக்கிறது. கணவனை இழந்து, பிள்ளைகளோடு லயத்து வாசலில் உட்கார்ந்து, “கடவுளுக்குக் கண் இல்லையா?” என்று கேட்ட தாய்மாரை நாம் அறிவோம். அந்தக் கேள்வியும் கடவுளை நோக்கிய பேச்சுதான் என்பதை நகோமியின் கதை ஒப்புக்கொள்கிறது.

அது வாற்கோதுமை அறுவடைக் காலம். ரூத் வயலுக்குப் போனாள். அறுப்பவர்களின் பின்னே சென்று, சிந்திய கதிர்களைப் பொறுக்கினாள். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியவர்களுக்கு அந்தக் குனிந்த முதுகு எவ்வளவு வலிக்கும் என்பது தெரியும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தோட்டத்தில் உதிர்ந்த பழமும் தோட்டத்துக்கே சொந்தம். பழைய இஸ்ரவேலரின் சட்டத்திலோ சிந்திய கதிர் நிலக்காரனுக்குச் சொந்தமன்று. வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்கக்கூடாது. சிந்தியதைத் திரும்பப் பொறுக்கக்கூடாது. அது ஏழைக்கும் அயலானுக்கும் உரியது என்று லேவியராகமம் கட்டளையிடுகிறது. ஏழைக் கூலியாளின் கூலியைச் சூரியன் மறையுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று உபாகமம் கட்டளையிடுகிறது. ஆகவே ரூத் பொறுக்கியது பிச்சையன்று, உரிமை.

சட்டம் ஏட்டில் இருந்தால் போதுமா? களத்தில் நிற்பவர் அதனை மதிக்க வேண்டுமே! நிலக்காரர் போவாஸ் வயலுக்கு வந்தார். அறுப்பவர்களுக்குக் கடவுளின் பெயரால் வாழ்த்துச் சொன்னார்; அவர்களும் அவ்வாறே வாழ்த்தினார்கள். பெரட்டுக் களத்தில் அதட்டலையும் ஏச்சையும் கேட்டுப் பழகிய காதுகளுக்கு இக்காட்சி வியப்பைத் தரும். “அந்தப் பெண் யார்?” என்று அவர் கேட்டார். காலையிலிருந்து அவள் ஓய்வின்றி வேலை செய்வதாக மேற்பார்வையாளன் சொன்னான். யாரும் அவளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று போவாஸ் வேலையாட்களுக்குக் கட்டளையிட்டார். தாகம் எடுத்தால் அவர்களுடைய குடத்திலேயே தண்ணீர் குடிக்கச் சொன்னார். சாப்பாட்டு வேளையில் தன்னோடு இருந்தவர்கள் நடுவில் அவளை உட்கார வைத்தார். அவள் உண்டு, மீதியை மாமியாருக்காக எடுத்து வைத்துக்கொண்டாள். மாலையில் தட்டி அளந்தபோது ஓர் ஏப்பா அளவு தானியம் இருந்தது; நம் கணக்கில் ஏறத்தாழ 20 லிட்டர்.

இந்தக் கதை முழுவதிலும் கடவுள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எரியும் செடி இல்லை; வானத்திலிருந்து குரல் இல்லை; தேவதூதர் இல்லை. இருப்பதெல்லாம் ஒரு வயல், ஒரு தண்ணீர்க் குடம், கொஞ்சம் வறுத்த தானியம், மாமியாருக்கு ஒதுக்கிய மீதிச் சோறு. ஆயினும் கதையைப் படித்து முடிக்கும்போது, கடவுள் தொடக்கமுதல் அங்கே இருந்தார் என்ற உணர்வு ஏற்படுகிறது. அது எப்படி?

அதற்கு ஒரு சொல் திறவுகோலாக அமைகிறது. போவாஸ் முதன்முதலில் ரூத்தோடு பேசும்போது, அவள் கடவுளின் சிறகின்கீழ் அடைக்கலம் தேடி வந்தவள் என்று கூறி வாழ்த்துகிறார். பின்னர் ரூத் போவாஸிடம், அவருடைய ஆடையின் ஓரத்தைத் தன்மேல் விரிக்கும்படி கேட்கிறாள். தன்னை மணந்து ஆதரவளிக்க வேண்டும் என்பது அதன் பொருள். தமிழில் இவை இரண்டு வேறு சொற்கள். ஆனால் மூலமாகிய எபிரேய மொழியில் இரண்டிடத்திலும் வருவது ஒரே சொல்: ‘கானாப்’. பறவையின் சிறகுக்கும் ஆடையின் ஓரத்துக்கும் அம்மொழியில் ஒரே பெயர். ரூத் கேட்டதன் கருத்து என்ன? ‘கடவுளின் சிறகு என்று வாழ்த்தினீரே, அந்தச் சிறகு உம்முடைய ஆடையின் ஓரமாக இருக்கட்டும்’ என்பதுதான். போவாஸ் மறுக்கவில்லை. முறைப்படி ஊர் வாசலில் பெரியோர் முன்னிலையில் அவளை ஏற்றுக்கொண்டார். அவர்களுடைய வம்சத்தில் தாவீது அரசர் பிறந்தார். இயேசுவின் வம்ச வரலாற்றிலும் அந்நியப் பெண்ணாகிய ரூத்தின் பெயர் இடம்பெறுகிறது.

மழையில் நனைந்து வந்த பிள்ளையைத் தாய் தன் முந்தானையால் மூடுகிறாள். அந்த முந்தானைதான் பிள்ளைக்குத் தெரிந்த முதல் சிறகு. தாய் பால்வெட்டப் போனபின் ஆயாக் கொட்டகையில் அழுத குழந்தையைத் தூக்கிக்கொண்ட ஆயாவின் கையும், அடுப்பு எரியாத வீட்டுக்கு அடுத்த வீட்டிலிருந்து வந்த ஒரு கிண்ணம் கஞ்சியும் அத்தகையவைதாம். அப்பொழுது நாம் அதனைக் கடவுள் தரிசனம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டு அக்காள் கொடுத்தார் என்றுதான் சொன்னோம். ரூத்தின் கதையும் அப்படித்தான் சொல்கிறது. பசித்தவருக்கும் தாகமுற்றவருக்கும் அயலானுக்கும் செய்தது தமக்கே செய்தது என்று இயேசு கூறியதாக மத்தேயு எழுதியிருப்பதும் இதே கருத்துதான்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. போவாஸ் நியாயமாக நடந்ததால் ரூத் கடவுளின் சிறகைக் கண்டாள். அவர் வேறுவிதமாக நடந்திருந்தால்? நிறுவையில் ஏமாற்றும் இடத்திலும், கூலியைப் பிடித்துவைக்கும் இடத்திலும், பெண்ணை இழிவாகப் பேசும் இடத்திலும் கடவுளை மனிதரே மறைத்துவிடுகிறார்கள். பிறகு அந்த ஏழையிடம், “உனக்குப் பக்தி போதாது” என்று சொல்வது நியாயமாகுமா?

நம் முன்னோரும் இந்நாட்டில் காலூன்றியபின் வழிபாட்டு இடங்களை எழுப்பினார்கள். சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக லூர்து அன்னை ஆலயம் 1888-இல் அமைந்தது. தரங்கம்பாடி வழிவந்த தமிழ் லுத்தரன் சபையார் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் 1924-இல் சீயோன் ஆலயத்தைக் கட்டினர். தோட்டந்தோறும் அம்மன் கோயில்கள் எழுந்தன. இக்கோயில்கள் நமக்குத் தேவை. அங்கே கேட்ட வார்த்தையைக் கொண்டுதான் வேலைக்களத்தில் கண்டதை நாம் அடையாளம் தெரிந்துகொள்கிறோம். வேதம் கேட்காத போவாஸுக்குச் சிந்திய கதிர் வெறும் சிந்திய கதிராகவே தெரிந்திருக்கும்.

இன்று காலம் மாறிவிட்டது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. நம் பிள்ளைகள் பலர் பட்டணத்தில் வேலை செய்கிறார்கள். செம்பனைத் தோட்டங்களில் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் நிறையப் பேர் உழைக்கிறார்கள். அவர்களும் பஞ்சம் பிழைக்க வந்தவர்களே. ஒரு காலத்தில் ரூத்தின் இடத்தில் நாம் நின்றோம். இப்பொழுது வேறொருவர் அங்கே நிற்கிறார். போவாஸின் இடத்தில் நிற்கும் முறை, சில வேளைகளில், நமக்கும் வந்திருக்கிறது. அந்த அயலானை என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம்? நம் குடத்துத் தண்ணீரை அவனுக்குக் கொடுக்கிறோமா?

கடவுள் நிரைக்கு வந்தாரா என்று தொடக்கத்தில் கேட்டோம். வந்தார் என்கிறது ரூத்தின் புத்தகம். ஆனால் அவர் தனியாக வரவில்லை. ஒரு மனிதரின் கையாகவும் ஆடையின் ஓரமாகவும் வந்தார். தரங்கம்பாடியில் ஒருவரின் எழுதுகோல் அந்தக் கதை வரை வந்து நின்றது. அதற்குமேல் எழுத வேண்டியது நாம்தான். நம் அன்றாட நடத்தையால்.